காணிக்கை வைத்த குட்டி

நெய்யூர்,
வியாழன், மதியம்.

கர்த்தருக்குள் என் அன்பான ஜாஸ்மிக்கு உன் செல்வதாஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் நம் மகள் பெபிஷாவும் உடம்புக்குச் சுகம். நீ அங்கே சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். அந்த 'ஜெபிக்கிறோம்' என்பதை மட்டும் 'ஜெபிக்கிறேன்' என்று திருத்தி வாசித்துக்கொள். பெபிஷா ஜெபிப்பதை நிறுத்திவிட்டாள். ராத்திரி நான் கண்ணை மூடினால் அவள் கண்ணைத் திறந்துகொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். ஆகாது. போனில் நான் வாயைத் திறந்ததும் நீ குறுக்கே பேசுவாய். நீ குறுக்கே பேசினால் எனக்குக் கோபம் ஏறும். அதற்குள் நெட் போய்விடும், அப்புறம் யார் முதலில் கட் பண்ணியது என்று தனியாக ஒரு சண்டை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. குளச்சல் மரியஜான் சனிக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறான். ஏத்தங்காய் சிப்ஸ், நெத்திலிக் கருவாடு எல்லாவற்றோடும் இதையும் அவன் பெட்டியில் வைத்தனுப்புகிறேன். முதலில் இதை வாசி. சிப்ஸ் எங்கும் ஓடிப்போகாது.

நடந்தது உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். உனக்குத் தெரிந்தது பாதி, அதுவும் உன் தம்பி சிஜின் சொன்ன பாதி. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

நம் நாய் ரோசி தலை ஈற்றில் நாலு குட்டி போட்ட சமயம், உன் காண்ட்ராக்டைப் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று நீ அங்கே தூக்கமில்லாமல் கிடந்தாய். முதல் குலை, முதல் பலா, கோழியின் முதல் முட்டை எல்லாம் கோயிலுக்குக் கொடுக்கிற குடும்பம்தான் நம்முடையது. அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. நீயும் அந்த வழக்கத்தில், காண்ட்ராக்ட் கிடைத்தால் முதலில் பிறந்த குட்டியை அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாகத் தருவதாகப் பொருத்தனை பண்ணிவிட்டாய். காண்ட்ராக்டும் இரண்டு வருஷத்துக்குக் கிடைத்தது. சரி, நேர்ந்தது நேர்ந்ததுதான். ஆனால் ஏத்தன் வாழைக்குலைக்குத் தடுப்பூசி போட வேண்டியதில்லை ஜாஸ்மி. நாய்க்குட்டிக்குப் போட வேண்டும்.

முதல் ஊசி போடும்போதே சுபின் டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். பார்வோ என்று ஒரு வைரஸ். சீக்கு வந்த நாயின் மலத்தில் இருக்கும். மலம் காய்ந்து மண்ணோடு மண்ணான பிறகும் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். நம் செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும். மனுஷனுக்கு ஒன்றும் செய்யாது, குட்டிகளைக் குடலோடு உருக்கிவிடும். ஒரு ஊசி போட்டாயிற்று என்று ஏமாறக் கூடாது, தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தியே சில சமயம் அந்த ஊசியை வேலை செய்ய விடாது, அதனால்தான் சில வாரம் விட்டு விட்டு மறுபடியும் போடுகிறோம் என்றார். ஊசி எல்லாம் முடிகிற வரை குட்டியின் கால் வெளி மண்ணில் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். இதை அப்படியே உனக்குப் போனில் சொன்னேன். இந்த வருஷம் ஒரு சேவலைக் கொடுப்போம், குட்டியை ஊசி முடிந்த பிறகு கொடுப்போம் என்றேன். நீ என்ன சொன்னாய்? "நேர்ந்தது குட்டியயாக்கும், சேவல இல்ல. கர்த்தருக்க காரியத்துல சாக்கு சொல்லப்பிடாது" என்றாய். தடுப்பூசி சாக்காம். சொன்னது ஒரு நர்ஸ்.

குட்டியைக் கூடையில் வைத்து நானே கொண்டுபோனேன். நாலு காலும் வெள்ளையாக இருந்ததால் பெபிஷா பூட்ஸ் என்று பெயர் வைத்திருந்தாளே, அதுதான். சபைச் செயலாளர் ஏசுஅடிமையிடம் கையைப் பிடித்துச் சொன்னேன். அண்ணே, இதை மேசையை விட்டு இறக்க வேண்டாம், ஒரே ஏலத்தில் முடித்து எடுத்தவர் கையில் கூடையோடு கொடுத்துவிடுங்கள் என்றேன். "நாங்க பாத்துக்கிடுவோம், நீ போய் சாப்பிடு" என்றார்.

நம் ஏலம் எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியாததா? எடுத்தவன் எடுத்ததைத் திரும்பவும் காணிக்கை என்று மேசையில் வைப்பான், அடுத்தவன் கேட்பான், அவனும் திரும்ப வைப்பான். ஒரே தேங்காய் முற்றம் முழுக்கச் சுற்றி வரும். சபைக்கு லாபம், எல்லாருக்கும் சிரிப்பு. தேங்காய் தாங்கும். பூட்ஸ் எத்தனை கை மாறினான் என்று எனக்கு எண்ணத் தெரியவில்லை. பிள்ளைகள் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், காணிக்கை ஆடுகளைக் கட்டியிருந்த பக்கம் இறக்கிவிட்டார்கள். விருந்து சாப்பிட்ட இலையைத் தெருநாய்கள் நக்கிக்கொண்டிருந்த மூலை வரைக்கும் அவன் நடந்து போனான். நான் போய்த் தூக்கித் தூக்கி மேசையில் வைத்தேன். "செல்வதாஸுக்கு குட்டிய விட மனசில்ல பாத்தியளா" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார் ஏசுஅடிமை. சபையே சிரித்தது. போதகர் ஐயர் கூடச் சிரித்தார். இன்னும் நின்றால் மைக்கைப் பிடுங்கிவிடுவேன் என்று எனக்கே பயமாகிவிட்டது. திங்கள்நகர் ரோட்டில் ஒரு பைக் நின்றுபோய்விட்டது, ரிப்பேருக்கு வா என்று போன் வந்ததும், அதையே சாக்காக வைத்துக் கிளம்பிவிட்டேன்.

திரும்பி வீட்டுக்கு வந்தால் ரோசியின் மடியில் நாலு குட்டி. மூன்றுதானே இருக்க வேண்டும் என்று பார்த்தால், பூட்ஸ் நடுவில் படுத்துப் பால் குடிக்கிறான். பெபிஷா கைகொட்டிக் குதிக்கிறாள். உன் தம்பி அடுக்களையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருக்கிறான். கடைசி ஏலத்தை அவன்தான் எடுத்தானாம். அக்கா நேர்ந்த குட்டி வெளியாள் வீட்டுக்குப் போகலாமா, காணிக்கையும் ஆயிற்று, குட்டியும் நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று நினைத்தானாம். சிஜினுக்கு நல்ல மனசு, அதை நான் எங்கேயும் சொல்வேன். அந்த நல்ல மனசுக்குக் காலைக் கழுவத் தெரியவில்லை. நான் சத்தம் போட்டதும் முகம் வாடிப்போய், "அத்தான், நம்ம சபை முற்றமாக்கும், அங்ஙன என்ன தீனம் இருக்கப் போவுது" என்றான். வைரஸ் ஞானஸ்நானம் பார்த்தா ஒட்டும்?

பூட்ஸை அப்போதே பிரித்துக் குளிமுறியில் விட்டேன். அதற்குள் மடியிலும் பாயிலும் எல்லாக் குட்டியின் மூக்கிலும் பட வேண்டியது பட்டுவிட்டது. அந்த வாரக் கடைசியில் பூட்ஸ் பாலைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு வாந்தி. பிறகு ரத்தமாகப் போனது. அந்த நாற்றத்தை எழுதி உன் சாப்பாட்டைக் கெடுக்க மாட்டேன், நீ பார்த்திருப்பாய். டாக்டர் பரிசோதித்துவிட்டுப் பார்வோதான் என்றார். இதைக் கொல்லுகிற மருந்து கிடையாது, டிரிப் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, குட்டி தானாகப் போராடி ஜெயிக்கிற வரை பிடித்து வைத்திருக்க வேண்டியதுதான் என்றார். மறுநாள் சுண்டுவும் படுத்தது. நாலில் சின்னது, சுண்டுவிரல் மாதிரி இருக்கிறது என்று பெபிஷா சுண்டு என்று கூப்பிட்டாளே, வீடியோவில் உன் முகத்தைக்கூட நக்கப் பார்த்ததே, அது.

ஒர்க்ஷாப்பை அடைத்தேன். சபைக் காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் டிரிப் பாட்டிலைத் தொங்கவிட்டேன். சீக்கு அறைக்கு ஒரு செருப்பு, ஒரு சட்டை, வாசலில் பிளீச்சிங் கலந்த ஒரு வாளி. தரையைத் துடைத்துவிட்டுத்தான் பிளீச்சிங் விட வேண்டும், அழுக்கின் மேல் விட்டால் வேலை செய்யாது என்று டாக்டர் சொன்னபடி அறை அறையாகக் கழுவினேன். பாயையும் பழைய துணியையும் எரித்தேன். நல்லா இருந்த இரண்டு குட்டிகளையும் ரோசியையும் முன்னறையில் விட்டு, அவற்றைப் பார்ப்பது பெபிஷா பொறுப்பு, சீக்கு அறைக்கு மட்டும் அவள் வரக்கூடாது என்றேன். ஒரு தடவைகூட வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று சுண்டுவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அது வாலை மட்டும் அசைக்கும். நீ வேலை பார்க்கிற ஐசொலேஷன் வார்டு எப்படி இருக்குமோ எனக்குத் தெரியாது. என்னால் முடிந்ததை நான் இங்கே பண்ணினேன்.

சுண்டு போய்விட்டது. டாக்டரிடம் எடுத்துப் போகிற வழியில், ஆட்டோவில், என் மடியில். நான் அழுதேன், எழுத வெட்கமில்லை. ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஒரு நாய்க்குட்டிக்கா அண்ணே என்றான். ஆமா, ஒரு நாய்க்குட்டிக்குத்தான். வீட்டுக்குத் திரும்பி வந்தால் பூட்ஸ் எழுந்து நின்று கிண்ணத்தை நக்கிக்கொண்டிருக்கிறான்.

பின்புறம் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். தோண்டிக்கொண்டிருக்கும்போது ஏசுஅடிமை வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். விசாரிக்க வந்திருக்கிறார், பரவாயில்லை என்று நினைத்தேன். "கர்த்தருக்கு குடுத்தத திரும்ப வீட்டுக்குள்ள கேற்றினா இப்பிடித்தான் வரும் செல்வதாஸே" என்றார். குட்டியைக் கைகை மாற்றி மண்ணில் இறக்கிவிட்ட ஏலத்தை நடத்தியவர் அவர். வந்த பழி யார் மேல் என்றால் கர்த்தர் மேல். கையில் மண்வெட்டி இருக்கிறது, நான் பொல்லாதவன், போய்விடுங்கள் என்றேன். போய்விட்டார்.

அவரை நான் மன்னித்துவிட்டேன். அவருக்கு அவ்வளவுதான் தெரியும். இந்தக் கடிதம் உன் மேல் உள்ள கோபத்தில் எழுதுவது.

அன்றைக்குச் சாயந்தரம் நீ கூப்பிட்டாய். அம்மாவிடம் நானே சொல்கிறேன் என்று பெபிஷா போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள். அவள் வாயைத் திறக்கவில்லை, அதற்குள் நீ ஆரம்பித்துவிட்டாய். சிஜின் உனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறான். "காணிக்க வச்சத திரும்ப எடுத்திருக்கப்பிடாது. அதான் கர்த்தர் அதுக்குப் பதிலா இத எடுத்துக்கிட்டார்" என்றாய். பிள்ளை போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நீ லைனில் ஹலோ ஹலோ என்கிறாய்.

ஜாஸ்மி, நீ ஒவ்வொரு அறைக்குள்ளும் கவுன் போட்டு, மாஸ்க் போட்டு, கையுறை போட்டுப் போகிறவள். வெளியே வந்ததும் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு முழங்கை வரை சோப்புப் போடுகிறவள். அங்கே ஒரு நோயாளி தொற்று வந்து செத்தால் சார்ட்டில் என்ன எழுதுவாய்? காணிக்கை பாக்கி என்றா எழுதுவாய்? அரபி டாக்டர் முன்னால் இதைச் சொல்வாயா? அங்கே உனக்கு இருக்கிற படிப்பு நம் வீட்டுக்கு மட்டும் ஏன் இல்லாமல் போயிற்று? ஏசுஅடிமை சொன்னால் பிள்ளை மறந்துவிடுவாள். நீ சொன்னதை அவள் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் பூட்ஸைத் தொடுவதில்லை. அவன் அவள் காலைச் சுற்றிச் சுற்றி வருகிறான். அவள் இரண்டு காலையும் நாற்காலியின் மேல் தூக்கி வைத்துக்கொள்கிறாள். போன திங்கட்கிழமை நான் ஒர்க்ஷாப்பிலிருந்து வந்து பார்த்தால் கட்டிலில் பாடப்புத்தகம் எல்லாம் கொட்டிக் கிடக்கிறது. பை இல்லை. பெபிஷா இல்லை. பூட்ஸும் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு நாலு பக்கமும் அலைந்து, கடைசியில் கோயில் முற்றத்துக்குப் போனால், பூட்டிக் கிடக்கிற வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஸ்கூல் பை. பைக்குள்ளிருந்து பூட்ஸின் தலை மட்டும் தெரிகிறது.

என்ன பண்ணுகிறாய் என்று கேட்டேன். "திரும்பக் குடுக்க வந்தேன்பா. மற்ற ரெண்டும் சாவப்பிடாதுல்லா" என்றாள். கோயில் திறக்கிற வரை காத்திருக்கப் போகிறாளாம்.

இதையும் தெரிந்துகொள். சீக்கு மாறின குட்டியின் மலத்தில் இன்னும் சில வாரம் வைரஸ் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவனை வீட்டை விட்டு வெளியே விடக் கூடாது என்றிருக்கும்போது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் விளையாடுகிற முற்றத்துக்கே அவன் மறுபடி வந்துவிட்டான். உன் ஒரு வாக்கியம் அவனை அங்கே கொண்டுவந்தது. அவனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு அவளையும் கூட்டிவந்து விட்டுவிட்டு, பிளீச்சிங் வாளியோடு திரும்பிப் போய்ப் படி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினேன். ஏசுஅடிமை வந்து எட்டிப் பார்த்தார். ஊசி முடியாத குட்டிகளை யாரும் இந்த முற்றத்தில் விட வேண்டாம் என்று வருகிற ஆராதனையில் அறிக்கை வாசியுங்கள், இனி ஏலத்தில் நாய்க்குட்டியே வைக்காதீர்கள் என்றேன். கமிட்டியில் வைக்கிறோம் என்றார். ஞாயிற்றுக்கிழமை நானே எழுந்து சொல்லப் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

இனிமேல் எழுதப் போவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கோயிலிலிருந்து திரும்பி வரும்போது வண்டியில் என் முன்னால் உட்கார்ந்துகொண்டு அவளாகவே சொன்னாள். பண்டிகை அன்றைக்குக் கோயிலில், பூட்ஸ் எங்களுக்கே திரும்பி வரணும் என்று ஜெபித்தாளாம். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் ஜெபிக்கும் மக்கா, அதில் தப்பில்லை என்றேன். பூட்ஸுக்காக இல்லை என்றாள். "குட்டிய குடுக்கேண்ணு நேர்ந்ததுனாலதானே அம்மாக்கு காண்ட்ராக்ட் கிடைச்சு. குட்டி திரும்ப வந்துட்டா அம்மாவும் வந்துருவாண்ணு நினைச்சேன்" என்றாள்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனான்.

அது ஒரு கிருமி, கண்ணுக்குத் தெரியாதது, மண்ணிலிருந்து வந்தது, உன் ஜெபத்தைக் கேட்டு வரவில்லை என்று எனக்குத் தெரிந்த மாதிரியெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். சுபின் டாக்டர் மருந்துச் சீட்டின் பின்னால் படமே வரைந்து காட்டினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறாள். கேட்டுவிட்டு, "அம்மா அப்பிடிச் சொல்லலியே" என்கிறாள். வைரஸைப் பற்றி இந்த வீட்டில் யாருக்குத் தெரியும் என்றால் நர்ஸ் அம்மாவுக்குத்தான் தெரியும். பைக் ரிப்பேர் பார்க்கிற அப்பா சொன்னால் அவள் ஏன் நம்ப வேண்டும்?

அதனால் நீ எழுது. போன் வேண்டாம், வாய்ஸ் மெசேஜும் வேண்டாம். நாலு வரி என்றாலும் உன் கையெழுத்தில் எழுதி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பு. சுண்டு எதனால் செத்தது என்று நர்ஸாக எழுது. ஊசியும் சுத்தமும்தான் மற்ற இரண்டையும் காப்பாற்றியது, அதைச் செய்தது பெபிஷா நீதான் என்று அவளுக்கு எழுது. அவள் ஜெபித்த அந்த இன்னொரு காரியத்துக்கு என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன். அந்த இரண்டு வருஷக் காண்ட்ராக்டுக்கு நானும் தலையாட்டியவன்தான். ஆனால் அதற்கும் ஒரு பதில் எழுது.

இதை எழுதும்போது அவள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். அம்மாவுக்கு எழுதுகிறேன், உனக்கு ஏதாவது சொல்லணுமா என்றேன். பூட்ஸுக்குச் சுகமாகிவிட்டது என்று எழுதச் சொன்னாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "நான் ஜெபிச்சத மட்டும் எழுதாண்டாம்பா. அம்மாக்க வேலைக்கு ஏதாவது ஆயிரும்" என்றாள். சரி என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, மேலே எழுதியதைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. முக்கியமாக வரத்தை. சின்னப் பிள்ளையின் கையிலிருந்து ஒரு குட்டியைப் பிடுங்கிக் கணக்குத் தீர்க்கிறவர் அவர் இல்லை. நான் அதை நம்புகிறேன். நீயும் நம்பினால், தயவுசெய்து, அவளுக்கு அதை எழுது.

கோபம் தீராமலும் அன்பு குறையாமலும்,
உன் செல்வதாஸ்